மூன்றால் வகுத்த இறக்கம்

மனிதன் பறக்கக் கற்றுக்கொண்டது பெரிய விஷயமே இல்லை, கண்ணுகளா. தரையில் தொம்மென்று இறங்குவதை அடியோடு ஒழித்ததுதான் பெரிய விஷயம். அதைச் சாதித்த ஒரே நிறுவனம், நான் தட்டச்சராக இருந்த விமானப் பயிற்சிப் பள்ளி. பதிவேட்டில் 'முரட்டு இறக்கம்' என்று எழுதினால், மெக்கானிக் சோதித்துக் கையெழுத்துப் போடும்வரை அந்த விமானம் பறக்கக் கூடாது என்பது விதி. ஆகவே பதினோரு வருடங்களாக யாரும் அப்படி எழுதவில்லை. ஒழிந்தது.

இந்தப் புகழுக்கு உலை வைக்க வந்தவள் ஒரு மாணவி. 'சிட்டு' என்று கூப்பிடுவோம். அன்று காலை அவள் தனியாக ஓட்டி வந்த இரண்டு இருக்கை விமானம் ஓடுபாதையில் விழுந்தது, எம்பியது, விழுந்தது, மறுபடி எம்பி விழுந்து நின்றது. அலுவலகத்தில் என் தட்டச்சுப்பொறி தானாக ஒரு எழுத்தை அடித்தது. இறங்கியவள் நேராக வந்து பதிவேட்டில் 'முரட்டு இறக்கம்' என்று எழுதிவிட்டாள். அதுவும் பேனாவால்!

அவசரக் கூட்டம் கூடியது. பள்ளி முதல்வர், பயிற்சியாளர், குறிப்பெடுக்க நான்.

"ஏம்மா, உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்?" முதல்வர் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், இடது சக்கரத்துக் கால்ல விரிசல் விட்டிருக்கு. குனிஞ்சு பாத்தேன்."

"உன்னை யாரு குனியச் சொன்னது?" என்றார் பயிற்சியாளர்.

"நாலு மணிக்குப் பல் டாக்டர் அதுலதான் சார் போறாரு. பிள்ளைகுட்டிக்காரரு. மெக்கானிக் அண்ணன் நாளைக்கு லீவு முடிஞ்சு வந்துடுவாரு. அதுவரைக்கும் நிறுத்தி வைங்க சார்."

பல் டாக்டர், ஐம்பது வயதில் பறக்கும் ஆசை வந்து எங்களிடம் சேர்ந்தவர்.

ஆலோசனை இரண்டு மணி நேரம் நடந்தது. விஞ்ஞானம் பயிற்சியாளர் வாயிலிருந்து பிறந்தது.

"அவ வேகமா இறங்கலை சார். தரைதான் கொஞ்சம் சீக்கிரமா வந்துருச்சு. அப்புறம், மூணு தடவை தட்டியிருக்கா. மூணால வகுத்துப் பாருங்க, ஒவ்வொண்ணும் பூப்போல."

'ஒரே முயற்சியில் மூன்று மென்மையான இறக்கங்கள்' என்று நான் தட்டச்சு செய்து, பதிவேட்டில் அவள் எழுதியதன்மேல் ஒட்டினேன். முதல்வர் சிட்டுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் கையை உருவிக்கொண்டு வெளியே போய், விமானத்தின் சாவியை எடுத்துத் தன் ஷூவுக்குள் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

நான்கு மணிக்குப் பல் டாக்டர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார்.

"ஆயிரம் பேரை வாயைத் திறக்க வச்சவன் நான். ஷூவைக் கழட்டும்மா!"

"மாட்டேன் டாக்டர். பல்லு போனா கட்டிக்கலாம். உசுரு போனா யாரு கட்டித் தருவா?"

"சாவி வர்ற வரைக்கும் நான் உள்ளே உக்காந்திருக்கேன். யார் தடுக்கறாங்கன்னு பாக்கறேன்!"

இறக்கையில் கால் வைத்து ஏறினார். தன் முழுக் கனத்தோடு உட்கார்ந்தார்.

படக்.

இடது கால் முறிந்தது. விமானத்தின் காலைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். விமானம் ஒருக்களித்துப் படுத்தது. சன்னலில் இடித்ததில் டாக்டரின் உதடு மட்டும் இட்லி மாதிரி வீங்கியது. அந்தக் கால் ஆயிரம் அடி உயரத்துக்குப் போய்வந்து முறிந்திருந்தால் என்று நினைத்து, நான்தான் குறிப்பேட்டைக் கீழே போட்டுவிட்டேன். முதல்வர் கலங்கவில்லை. அங்கேயே, நின்றபடியே, இரண்டாவது கூட்டத்தைக் கூட்டினார்.

"எவ்வளவு உயரத்துலேர்ந்து இறங்குச்சு?"

"உயரமே இல்லை சார்," என்றார் பயிற்சியாளர்.

"எழுதுங்கம்மா. நம்ம பள்ளி வரலாற்றுலயே மிக மென்மையான இறக்கம். டாக்டரோட இறக்கக் கணக்குல ஒண்ணு சேத்துடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டரும் தட்டினார்.

அடுத்த தீர்மானம், சாவியை ஒளித்துப் பயிற்சிக்குக் குந்தகம் விளைவித்த மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்குவது. சிட்டு ஷூவைக் கழற்றிச் சாவியை முதல்வர் கையில் வைத்துவிட்டு, ஒரு காலில் வெறும் காலுறையோடு வாசலைத் தாண்டிப் போனாள். நீக்க உத்தரவை ஒரு பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்தவள் நான்தான். அதன் கீழே புகார்தாரராகப் பல் டாக்டர் அழுத்தம் திருத்தமாகக் கையெழுத்துப் போட்டார். உயிரோடு இருந்ததால் அவரால் போட முடிந்தது.