சட்டக் கல்லூரிக்குள் நான் நுழைந்த அழகு

பட்டாளத்திலிருந்து திரும்பி வருகிறவனுக்கு ஊர் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்து வைத்திருக்கும்: கேட்டைப் பார்த்துக்கொள்வது. பனிமலையில் நின்றிருந்தாலும் பாலைவனத்தில் நின்றிருந்தாலும், "இத்தனை வருஷம் நின்றவன், இன்னும் கொஞ்சம் நிற்க மாட்டானா" என்று ஒரு நீலச் சட்டையையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் கொடுத்துவிடுவார்கள். நாற்காலிக்குப் பெரும்பாலும் மூன்று கால்தான் இருக்கும்.

நானும் நின்றேன், மலையாளச் சீமையில். கலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கு, வல்லார்பாடத்தில் ஒரு கண்டெய்னர் யார்டு. ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கத் தொடங்கிவிடும். சின்ன வயதிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மட்டாஞ்சேரியில் இஞ்சி மூட்டை தூக்கினேன். பிறகு மீன்பிடிப் படகில் கோவா போய், அங்கே அடி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஒரு மைதானத்தில் நீளமாக வரிசை நின்றதைப் பார்த்து நானும் போய் நின்றேன். (சாப்பாடு போடுகிறார்கள் என்று நினைத்தேன். போட்டார்கள், பதினேழு வருஷம்.) மிச்சப் படிப்பைப் பட்டாளத்தில் இருந்தபடியே தபால் வழியில் முடித்தேன். பி.ஏ. வரலாறு. பாடப் புத்தகம் வந்து சேர்வதற்குள் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். எப்படிப் பாஸானேன் என்பது வரலாற்றுக்கே தெரியாது.

கலூர் குடியிருப்பில் ஒரு வக்கீல் இருந்தார். தினமும் இரண்டு வேளை அவருடைய காருக்கு கேட் திறந்துவிடுவேன். ஒருநாள்கூட அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அவரும் நின்றுகொண்டுதான் சம்பாதிக்கிறார். அவர் நிற்கிற இடத்தில் மின்விசிறி இருக்கிறது. அவ்வளவுதானே வித்தியாசம்? இனி வாழ்நாளில் எந்த கேட்டிலும் நிற்பதில்லை, சட்டம் படிப்பது என்று முடிவெடுத்தேன்.

மனைவி கோமதியிடம் சொன்னேன். அவள் பி.காம். முதல் வகுப்பு, வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினை நிறுத்தாமலேயே பேசினாள்.

"படிங்க, வேண்டாம்னு ஆரு சொன்னா? ஆனா இதையாவது முழுசா முடிக்கணும், கேட்டீங்களா. பாதியில வண்டி ஏறினீங்கன்னா அப்புறம் இங்க வர வேண்டா."

நுழைவுத் தேர்வு எழுதினேன். முன்னாள் ராணுவத்தினருக்கென்று அந்தக் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு இடம். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது சதானந்தன், கடற்படையில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் போய் நிற்க வேண்டும், கூப்பிடும்போது கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. நிற்பதில் என்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? யார்டு வேலைக்கு முந்தின நாளே முழுக்குப் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ என்று கோமதியோடு கிளம்பினேன். மழைக்குத் தலையில் பழைய பட்டாளத் தொப்பி.

கல்லூரி வராந்தா மீன் ஏலம் நடக்கிற இடம் மாதிரி இருந்தது. எல்லோரும் ஒரே ஜன்னலில் கையை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த கிளார்க் அம்மா பெயர்களைக் கூப்பிடுவது அவருக்கே கேட்டிருக்காது. சும்மா நிற்க வேண்டியதுதானே நான்? முடியவில்லை. ஒழுங்கில்லாத கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். யார்டில் திருப்பிக் கொடுக்க மறந்த விசில் பையில் இருந்தது. ஊதினேன்.

பத்து நிமிஷத்தில் மூன்று வரிசை. குடைகள் எல்லாம் இடது பக்கம். அப்பாக்கள் தூணுக்கு அந்தப் பக்கம். சதானந்தனையும் அவர் இடத்தில் நிறுத்தினேன். பேனா இல்லை என்றார், என்னுடையதைக் கொடுத்தேன். பிறகு ஜன்னலுக்குப் போய் கிளார்க் அம்மாவுக்கு ஒரு யோசனையும் சொன்னேன்.

"மேடம், மூணு தரம் கூப்பிடுங்க. வரலைன்னா அடுத்த ஆளு. ஒரு சால்ஜாப்பும் கேக்காதீங்க."

"இது கொள்ளாமல்லோ சேட்டா" என்று, யோசனை நன்றாக இருப்பதாக மகிழ்ந்துபோய், அவர் அப்போதே அதைச் சட்டமாக்கிவிட்டார்.

"உங்கள ஆரு இங்க மேஜராக்கினது?" என்றாள் கோமதி. "பேசாம ஒரு பக்கமா வந்து நில்லுங்க."

அந்த நேரத்தில் ஒரு கார் கேட்டில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. பெற்றோர்களின் வண்டிகள் வழியை அடைத்திருந்தன. காரிலிருந்து தலையை நீட்டியவர் பிரின்சிபால். சுற்றிலும் பார்த்தார். விசில், காக்கி, தொப்பி மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதைக் கண்டார்.

"எடோ செக்யூரிட்டி, எந்து நோக்கி நில்க்கா? இதெல்லாம் மாற்று. ஞான் பறயாதெ ஈ கேட்டு விட்டு மாறருது."

என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய், வண்டிகளை நகர்த்து, தான் சொல்லாமல் இந்த கேட்டை விட்டு நகரக் கூடாது என்கிறார். இந்த இடத்தில் அறிவுள்ளவன், "சார், நான் செக்யூரிட்டி இல்லை, படிக்க வந்தவன்" என்று சொல்லியிருப்பான். என் வாயும் அதற்காகத்தான் திறந்தது. "சார்!" என்ற சத்தம் மட்டும் வந்தது. கால்கள் அதற்கு முன்பே கேட்டுக்குப் போய்விட்டன. ஐந்து கார்களை நகர்த்தி, பிரின்சிபாலுக்கு வழிவிட்டு, ஒரு சல்யூட்டும் வைத்தேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் காவலில் நிறுத்தப்பட்டவன், மாற்று ஆள் வராமல் இடத்தை விடக் கூடாது. அது எங்கள் வேதம். மாற்று ஆளுக்குக் காத்திருந்தேன். ஆள் தெரியாமல் நிறுத்திய காவலுக்கு எங்கிருந்து வருவான் மாற்று ஆள்?

என் பெயர் கேட்டது. நன்றாக, தெளிவாகக் கேட்டது. (கூட்டத்தை அவ்வளவு அமைதியாக்கி வைத்திருந்தேன்.) நின்ற இடத்திலிருந்தே "பிரசன்ட் சார்!" என்று கத்தினேன். நடுவில் ஒரு லாரி போனது.

இரண்டாவது தரம். கோமதி வராந்தாவிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். நான் ஒரு கையை ஆட்டி, கேட்டைச் சுட்டிக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து நிறுத்தி, "கேட் ஒன்று, பூட்டு ஒன்று, சாவி பூட்டிலேயே இருக்கிறது, நிலைமை அமைதி" என்று முறைப்படி பொறுப்பை ஒப்படைத்தேன். "ஞானோ?" என்றார் அவர். விசிலை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஜன்னலை அடைந்தபோது சதானந்தன் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். என் பேனாவில்.

"மூணு தரம் விளிச்சு சேட்டா" என்றார் கிளார்க் அம்மா. "சேட்டன் தன்னெ பறஞ்ஞதல்லே?"

நான் சொன்னதுதான். எனக்குப் பேச்சு வரவில்லை. கோமதிக்கு வந்தது. நேராக பிரின்சிபால் அறைக்குள் நுழைந்துவிட்டாள், பின்னால் நான். (அவள் மலையாளத்தில்தான் பேசினாள். அந்தக் காரம் தமிழில் வராது.)

"இவர கேட்டுல நிறுத்தினது ஆரு சார்?"

"நான்தான். அதுக்கென்ன?"

"உங்க காலேஜ் கேட்டுல, உங்க காலேஜ் வேலைய, நீங்க சொல்லித்தான் செஞ்சாரு. அந்த நேரத்துல இவரு காலேஜ்ல இல்லைன்னு எப்படி எழுதுவீங்க?"

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார்.

"நீங்க படிக்க வந்தவர்னு ஏன் சொல்லலை?"

"ஆர்டர், சார்."

"வக்கீலாகப் போறவர் ஒரு கேள்வி கேக்க மாட்டாரா?"

அதற்கும் நான் "சார்!" என்றேன்.

கையெழுத்தான இடத்தைத் திருப்பி வாங்க முடியாது, என் தவறும் இருக்கிறது, வருந்துகிறேன் என்றார் அவர். பிறகு கோமதியின் பக்கம் திரும்பி, "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வு எழுதுங்க" என்றார். கடைசியில் என்னிடம், "இந்த கேட் இவ்வளவு ஒழுங்கா இருந்து நான் பார்த்ததில்லை. வேலைக்கு வர்றீங்களா?"

எனக்கும் மானம் ரோஷம் உண்டு. முடியாது என்று சொல்ல மூச்சை இழுத்தேன்.

"ஊழியர் குடும்பத்துக்கு பீஸ்ல குறைப்பு உண்டா சார்?" என்றாள் கோமதி.

உண்டாம். வெளியே சதானந்தன் காத்திருந்து எங்களுக்குப் பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) வாங்கித் தந்தார். ஜெயித்தவன் வாங்கித் தருகிற பழம்பொரி தொண்டைக்குக் கீழே இறங்குவதில்லை. கோமதி இரண்டு தின்றாள்.

இப்போது அவள் கடைசி வருஷம் படிக்கிறாள். நான் கேட்டில் நிற்கிறேன். முதல் வருஷத்தில் ஒருநாள் அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்தாள். அட்டை இல்லாதவர்களை விடக் கூடாது என்பது ஆர்டர். மட்டாஞ்சேரி வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் வகுப்பில் வக்கீல் நோட்டீஸ் எழுதப் பயிற்சி கொடுத்தார்கள். "எனது கட்சிக்காரருடன் பல வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த பின்னரும், அவரை இன்னாரென்று தெரியாதது போல் தாங்கள் கேட்டில் நிறுத்தியது ஏன்?" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி, எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பினாள். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தி முடிந்ததும் அந்த நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கப்பல் சமையலறையில் பழக்கிய குரலில், இப்போது எங்கள் வீட்டு ஆளாகிவிட்ட சதானந்தன்தான் படிப்பார்.

பதினைந்து நாளில் பதில் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இரண்டு வருஷம் ஆகப் போகிறது. சதானந்தன் அவள் கட்சி. பதில் எழுதித் தர எனக்குத் தெரிந்த வேறு வக்கீல் இவள் ஒருத்திதான். கேட்டுப் பார்த்தேன், எதிர்த்தரப்புக்கு ஆஜராக முடியாது என்று சொல்லிவிட்டாள்.