பாலமில்லாத தீவு

அன்புள்ள நார்பெர்ட் அண்ணனுக்கு,

உன் தங்கை லாவெர்ன் எழுதுவது. இங்கே இடது முழங்காலைத் தவிர நான் முழுக்க நலம். அங்கே நீயும் மார்சி அண்ணியும் உன் ரத்த அழுத்தமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு, இரண்டாம் முறை அதைவிடக் கோபத்தோடு.

நான் பல் டாக்டர் ஸ்டுப்கேயைக் கொன்றுவிட்டதாக அவர் மனைவி டாட்டி வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் உன்னிடம் சொன்னாளாம். அறுபத்தெட்டு வயதில் தேவாலயத்து நிலவறையில் உட்கார்ந்து பூதங்களோடு சண்டை போடுகிறேனாம், ஊரே சிரிக்கிறதாம். இந்தக் கூத்தை விட்டால்தான் நன்றித் திருநாள் விருந்துக்கு உன் வீட்டு வாசலை மிதிக்கலாமாம். நல்லது. நடந்ததை முதலில் கேள்.

வியாழக்கிழமைதோறும் டாக்டரும் நானுமாக ஐந்து பேர் ஒரு கதை விளையாட்டு ஆடக் கூடுகிறோம், கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கென்ட்ராதான் கதை சொல்கிறவள். ஒரு பாதாளக் கோட்டையை வரைந்து அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, "வடக்கே முப்பதடி நடைவழி, வலது பக்கம் ஒரு கதவு, என்ன பண்றீங்க?" என்பாள். நாங்கள் செய்வதைச் சொல்வோம், பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். வழி தவறாமல் இருக்க, அவள் சொல்வதைக் காதால் கேட்டே ஒருவர் வரைபடம் போட வேண்டும். அதற்கு அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. சும்மா வேடிக்கை பார்க்க ஒரு தட்டுப் பாலாடைக்கட்டியோடு போன என் பக்கம் கட்டம் போட்ட தாளைத் தள்ளிவிட்டார்கள். ஒரு கட்டம் பத்தடி. பென்சிலை வைத்தேன் அண்ணா, முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் ஊற்றிய கை, ஒன்பது வயதுக் கையாகிவிட்டது. அழுதுவிட்டேன். கண்ணில் தூசி என்றேன், ஒருத்தரும் நம்பவில்லை.

மூன்றாம் வாரம் பார்க்கிறேன், என் தாளில் நாலு பக்கமும் நடைவழி, நடுவில் ஆறுக்கு ஆறு கட்டம் வெறுமையாக இருக்கிறது. கோட்டை கட்டுகிறவன் அவ்வளவு இடத்தைச் சும்மா விடுவானா? "உள்ளே ஒரு அறை இருக்கு" என்றேன். "அது வெறும் கல்லும்மா லாவெர்ன், கிடைச்ச புதையல் போதும், வெளியே போயிடலாம்" என்றார் டாக்டர். "பல்லுல ஓட்டை இருந்தா நீங்க அப்படியே விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்று கேட்டேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரே சுவரை இடித்தார். அறை இருந்தது. அறை நிறைய ஒரு டிராகனும் இருந்தது. விளையாட்டில் இரண்டு வருஷமாக டாக்டர் பொத்திப் பொத்தி வளர்த்த மாவீரன் வேஷம் அதன் ஒரே நெருப்பு மூச்சில் சாம்பல், கூட இருந்தவர்களும் சாம்பல். நான் மட்டும் தப்பித்தேன், ஏனென்றால் வாசலிலேயே நின்று அறையின் அகலத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னை முறைக்க, கென்ட்ரா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு வருஷமா இந்த அறையை ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல, தெரியுமா?" என்றாள். மறுநாள் காலை எனக்குப் பல் பிடுங்க அவரிடமே நேரம் வாங்கியிருந்தேன். ஊசி போட்டு வாய் மரத்த பிறகு குனிந்து, "சுவரை இடிச்சிரலாமா லாவெர்ன்?" என்று கேட்டார் பார், பதில் சொல்லக்கூட முடியவில்லை. செத்த டாக்டர் அடுத்த வியாழனே மந்திரவாதியாக வந்து உட்கார்ந்துவிட்டார். டாட்டி அதைச் சொன்னாளா?

திடீரென்று என்ன வரைபடப் பைத்தியம் என்கிறாய். திடீரென்றா? சமையலறை மேசைக்கடியில், கறிக்கடைத் தாளில், நான் ஒரு தேசமே வரைந்தது மறந்துபோயிற்றா? என் சறுக்குவண்டியை உடைத்ததற்காக உன்னை நடுக்கடலில் ஒரு தீவில் குடிவைத்தேன். பாலம் கிடையாது, படகும் கிடையாது. நீ படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். திரும்பி வந்து, "அடுப்புல போட்டுட்டேன், போடி" என்றாய். அன்று கீழே வைத்த பென்சிலை ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து எடுத்திருக்கிறேன். இனி எவன் சொன்னாலும் வைக்க மாட்டேன். விருந்தா வரைபடமா என்றால் வரைபடம்தான். உன் வான்கோழியை நீயே தின்னு. என் கிரான்பெரி சாலட் வராது. யாருக்கு நஷ்டம் என்று அண்ணியைக் கேட்டுப் பார்.

அண்ணிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். உனக்குக் கடவுள் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், கொஞ்சம் சீக்கிரமாகவே.

இப்படிக்கு,
எதற்கும் மசியாத
லாவெர்ன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் நீ அனுப்பிய அட்டைக்குழாய் வந்தது. "கோவத்துல எழுதிட்டேன், இது உன்னுது" என்ற சீட்டோடு, அடுப்பில் போட்டதாக நீ சொன்ன என் தேசம் உள்ளே சுருண்டிருந்தது. கிழிந்த இடமெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறாய். உன் தீவிலிருந்து என் தலைநகரத்துக்கு, மங்கிப்போன நீல மையில் ஒரு பாலம். அதன் ஓரத்தில், பதினோரு வயதில் நீ எழுதிய அந்தக் கோழிக்கிறுக்கலில், "வரலாமா?"

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சாலட் வருகிறது, நானும் வருகிறேன். அதற்கு முன் இந்த வியாழன் ஆறரைக்கு நீ தேவாலயத்துக்கு வந்துவிடு, பகடை நான் தருகிறேன். பாலம் கோணல், அளக்காமல் போட்டிருக்கிறாய். ஆனால் நான் ரப்பரைத் தொட மாட்டேன்.