ஏலக்கரையில் எனக்குக் கிடைத்த மரியாதை

அன்பு மகன் தௌஃபீக்குக்கு, பழவேற்காட்டிலிருந்து உன் வாப்பா இனாயத்துல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் மர்யமும் பேரன் தாஹாவும் கோயம்புத்தூரில் நலமாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. இங்கே நான் பரம சௌக்கியம். போனில் சொன்னால் 'மீட்டிங் வாப்பா' என்று பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

திங்கட்கிழமை காலை போனில் உன்னைத் திட்டிய பெண்ணின் பெயர் முனியம்மாள். இங்கே மீன் ஏலம் எடுத்து விற்பவள். உன் நம்பரை அவளுக்குக் கொடுத்தது நான்தான்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலமெல்லாம் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தவன் நான். உன் உம்மா கண்ணை மூடிய பிறகு காலையில் எழுந்தால் வேலை ஒன்றும் இல்லை, பால் வாங்கப் போகிற வழியில் படகுகள் வருவதை வேடிக்கை பார்த்து நின்றேன், முனியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பையில் இரண்டு மடவை மீனைப் போட்டாள், காசு நீட்டினால் "போங்க பாய்" என்றுவிட்டாள். ஓய்வுபெற்ற அதிகாரிக்கு ஊர் செய்யும் மரியாதை என்று அவள் முகத்தில் படித்தேன். அதிகாரி மாதிரியே தலையசைத்து வாங்கிக்கொண்டேன். மறுநாள் இறால். டீக்கடை மாரியும் காசு வாங்கவில்லை, ரயில்வே மேல் அவனுக்கு அவ்வளவு மதிப்பு என்று நினைத்தேன். நான் போடுவது உன் உம்மா காலரில் ஒட்டுப் போட்டுத் தைத்த சட்டை, வேறு எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் சேர்ந்து ஒருநாள் புதுச்சட்டை ஒன்றை என் கையில் வைத்தார்கள். பொன்னாடைக்குப் பதில் போலிருக்கிறது என்று மீன் கூடைகளுக்கு நடுவே நின்று நன்றியுரை ஆற்றினேன். கொஞ்சம் நீளமாகத்தான் பேசினேன். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சு அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

அப்புறம்தான் அவள் உன் நம்பரைக் கேட்டாள். மகன் உதயகுமாருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சிபாரிசு தேடுகிறாள், முகத்திலேயே தெரிகிறதே என்று கொடுத்தேன். அவளோ போனை ஸ்பீக்கரில் போட்டு, "இன்னாப்பா, உன்ன பெத்தவரு இங்க கரையில அம்போன்னு நிக்கிறாரு. வந்து பாக்க உனக்குக் கால் இல்லியா?" என்றாள். ஏலமே நின்றுவிட்டது. அப்போது உனக்குத் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டிருக்கும், அது நான் இறால் கூடையில் உட்கார்ந்தது. பிறகு நீ, "ஞாயித்துக்கிழமை வரேங்க" என்றாய்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "நான் பென்ஷன் வாங்கறவன்மா!" என்று கத்தினேன்.

"தெரியும் பாய். தெனம் டீக்கடையில நீங்கதானே சொல்றீங்க. மொதல்ல நாங்களும் சோத்துக்கு இல்லாதவருன்னுதான் நெனச்சோம். ஆனா அப்டிப்பட்டவரு மீன வாங்கிக்கினு வூட்டுக்குப் போவாரு. நீங்க கடைசி கூடை போற வரைக்கும் நின்னுக்கினே இருந்தீங்க. சட்டைக்கு ஒரு பிரசங்கம் பண்ணீங்களே, அப்பதான் புரிஞ்சிது, பாய்க்குப் பேச ஆள் இல்லன்னு."

இப்படியெல்லாம் பேசினால் நாம் என்ன செய்ய முடியும்? மகனே, எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு இருக்கிறது, டிவி இருக்கிறது. நீ லீவு போட்டு வர வேண்டாம். நாளையிலிருந்து நானும் கரைப்பக்கம் போகப் போவதில்லை.

மர்யமுக்கு என் ஸலாம், தாஹாவுக்கு ஆயிரம் முத்தம். உங்கள் ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் துஆ செய்யும்,

வாப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் முனியம்மாள் வந்தாள். என்ன எழுதினேன் என்று கேட்டாள், படித்துக் காட்டினேன். "இன்னா பாய், கடைசியில எல்லாம் பொய்யா எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். அவள் சொல்வது சரிதான். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை தௌஃபீக், வாடா. தாஹாவையும் மர்யமையும் அழைத்து வா. ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல இறாலாக எடுத்துவைக்கிறாளாம், கரைக்கு வந்தால் உன்னைத் திட்டவும் போகிறாளாம், தலையைக் குனிந்து வாங்கிக்கொள். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் பிடி. நான் புதுச்சட்டையில் பஸ் நிற்கும் இடத்தில் நிற்பேன். திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடாதே.