இருள்ராஜாவின் பணிவு

எல்லாரும் சௌக்கியமா? சளி, முட்டிவலி எல்லாம் தேவலையா? சரி, இப்படி உட்காருங்கள். கேப் கோஸ்ட்டில் ஒரு கல்லூரியில் எகுவா என்ற பெண் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

"தயவுசெய்து எல்லாரும் கவனிங்க! இந்த ஊர் கரண்ட் முழுசையும் நான் திருடப் போறேன்!" என்றான் வில்லன், பணிவாகக் குனிந்து.

எகுவா தலையில் கை வைத்துக்கொண்டாள். நாடகம் அவள் எழுதி இயக்குவது. போன வருடம் கூட்டம் குறட்டை விட்டது. "இந்தத் தடவையும் அரங்கத்துல சத்தம் கேட்கலைன்னா, அரங்கத்தையே பாட்டுக் குழுவுக்குக் கொடுத்துடுவேன்" என்று டீன் கறாராகச் சொல்லியிருந்தார்.

வில்லனைப் பார்த்து ஜனங்கள் கத்தினால்தான் பிழைப்பு. வில்லனாக வந்த எபோ என்ற பையனோ பாதிரியார் வீட்டுப் பிள்ளை.

"டேய், நீ இருள்ராஜாடா! எவனாவது தயவுசெய்துன்னு சொல்லித் திருடுவானா?"

"முன்வரிசையில பெரியவங்க இருப்பாங்களே, சிஸ்டர். எங்கம்மா தோலை உரிச்சிடுவாங்க."

'தயவுசெய்து' என்ற சொல்லே வேண்டாம் என்றாள். ஒவ்வொரு மிரட்டலுக்குப் பிறகும் மன்னிப்புக் கேட்டான்.

கொம்பு வைத்த முகமூடி மாட்டினால் கொடூரம் தானாக வரும் என்று நினைத்தாள். கொடூரம் வரவில்லை, கண்தான் மறைந்தது. எபோ நேரே போய், சூப்பர் ஹீரோ ஃபீஃபியை மேடையிலிருந்து தள்ளிவிட்டான். ஃபீஃபியின் வலது மணிக்கட்டு பலாக்காயாக வீங்கியது.

"ஐயோ, நாளைக்கு நாடகம்டா!"

"விடு எகுவா. மிச்சமிருக்கிற கையால உலகத்தைக் காப்பாத்திடறேன்."

கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மேலே சிவப்பு அங்கியைப் போட்டு மறைத்தார்கள்.

மறுநாள் அரங்கம் நிரம்பியது. எபோ மேடையேறினான். எதிரே பெரியவர்களைக் கண்டதும் முகமூடியைக் கழற்றி, வலப்பக்கத்திலிருந்து வரிசையாக ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னான். கூட்டம் கைதட்டியது!

திரைக்குப் பின்னால் எகுவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஃபீஃபி, சீக்கிரம் பற!" என்று அவனைத் தூக்கும் கயிற்றை இழுத்துவிட்டாள்.

அவ்வளவுதான். "ஊ...!" என்று கூரை அதிர்ந்தது. "பிடிங்க அவனை!" "வளர்த்த லட்சணமாடா இது?" வேர்க்கடலைத் தோல் மழையாக விழுந்தது. கடைசியில் இருள்ராஜாவைக் கட்டிப்போட்டபோது ஒரு பாட்டியம்மா மேடையேறி முடிச்சை அவிழ்க்கவே போனார்.

திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? சத்தம் கேட்டதே, போதாதா! 'எபோ, கடைசியில கெட்டவனா ஆயிட்டடா!' என்று பூரித்தாள்.

டீன் காதைக் குடைந்துகொண்டே வந்தார். "அரங்கம் உங்களுக்குத்தான், தாயே. காது இன்னும் ஙொய்ங்குது."

எகுவா, எபோ, ஃபீஃபி மூவரும் குதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அங்கே, நாடகம் பார்த்துவிட்டு வந்து காரம் புரட்டிய வாழைப்பழத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த ஆன்ட்டி அராபா, எபோவுக்குப் பொட்டலம் நிறையக் கொடுத்தார். ஃபீஃபி கை நீட்டியதும் கரண்டியாலேயே தட்டிவிட்டார்.

"அப்பவும் இடது கை, இப்பவும் இடது கையா? பெரியவங்க மூஞ்சிக்கு நேரா மரியாதையில்லாம அதை நீட்டிக்கிட்டே பறந்த வில்லனுக்கு ஒரு துண்டு கூடக் கிடையாது. ஆனா எகுவா, இவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஹீரோவை எதுக்கும்மா தோக்கடிச்ச?"

உங்கள் ஊர் நாடகத்தில் இப்படி ஏதாவது தலைகீழாகியிருந்தால் எனக்கு எழுதுங்கள், கண்ணுகளா.