தெரிந்த இடத்துக்காரர்

“இருபது வருஷமா அறுப்பு மெஷினோட ஊர் ஊரா சுத்தறன். அந்த ஒறைய இந்தக் கையால தொட்டது கெடையாது. தொடவும் மாட்டன். நமக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல!”

மடுகரைக் கடைத்தெருவில், டீக்கடை பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேர் சாட்சியாக, வலது கையை நீட்டி இந்தச் சூளுரையை வழங்கியவரின் பெயர் சம்மந்தம். பெற்றவர்கள் ஏதோ நல்ல எண்ணத்தில் வைத்திருப்பார்கள். எதிரில் நின்றவர் சுகாதார நிலையத்து நர்ஸ் சகாயராணி. மூன்று முறை ஆள் அனுப்பியும் சம்மந்தம் வராததால், தெருவில் மடக்கி, மெதுவான குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஆணுறைப் பொட்டலம் ஒன்றை நீட்டியிருந்தார். கேள்வி காதோடு வந்தது. பதில்தான் ஊருக்கே வந்தது.

வாசகர்களே, இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் மிருகக்காட்சி சாலைக்குப் போக வேண்டியதில்லை. வில்லியனூரில் பேருந்துக்கு நிற்கும். பாகூர் ஏரிக்கரையில் பைக்கை நிறுத்திவிட்டுப் போன் பேசும். பண்டசோழநல்லூர்க் கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் கேட்கும். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘தெரிந்த இடத்துக்காரர்’.

பெயர்க் காரணம் எளியது. எச்.ஐ.வி. என்று யாராவது பேச்செடுத்தால் இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார். வெளியூரில் தாம் போகும் வீடுகளை மறுக்கிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அதை அவர் மறுப்பதே இல்லை. கூட்டாளிகள் நடுவில் அதுதான் அவருக்கு மேடை, மாலை, பொன்னாடை எல்லாம். அவர் மறுப்பது வியாதியை மட்டும்.

“நான் போறதெல்லாம் தெரிஞ்ச எடம்பா. கண்ட எடத்துக்குப் போவமாட்டன்.”

கண்ட இடம் எது, தெரிந்த இடம் எது? மற்றவர்கள் போவது கண்ட இடம். இவர் போவது தெரிந்த இடம். முதல் தடவையே அது எப்படித் தெரிந்த இடமாகும் என்று கேட்கிறீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் தரகர் ஒருவர் கைகாட்டி விட்டதால் அது தெரிந்த இடம்; அந்தப் பெண் “சாப்டீங்களா” என்று கேட்டதால் குடும்பப் பாங்கு; நெற்றியில் விபூதி வைத்திருந்ததால் சுத்தம்; இரண்டாம் தடவை போனபோது இவர் பெயரை மறக்காமல் சொன்னதால் ஏறக்குறைய உறவு. இவ்வளவு ஆன பிறகு உறையை எடுத்து நீட்டினால் அவளைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடாதா? ஒரு பெண்ணின் மனம் நோகக் கூடாது என்பதில் நம்மவருக்கு அவ்வளவு அக்கறை. எந்தப் பெண்ணின் மனம் என்று மட்டும் கேட்கக் கூடாது. அவளுக்கும் இவரைப் போல இன்னும் பல தெரிந்தவர்கள் இருக்கலாம், அவர்களில் யாரோ ஒருவர் கொடுத்ததைத்தான் அவள் சுமக்க நேரும், அந்த யாரோ ஒருவர் இவராகவே கூட இருக்கலாம் என்பதெல்லாம் இந்த மூளைக்குள் நுழைவதில்லை. வாசலிலேயே ‘தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுமதி’ என்று பலகை தொங்குகிறதே!

இந்த இனத்துக்கு இன்னொரு சித்துவேலையும் கைவரும். கண்ணாலேயே ரத்தப் பரிசோதனை.

“மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவன். அந்த வியாதி இருந்தா ஒட்டி ஒலர்ந்து கெடப்பாங்க.”

கன்னத்தில் சதை இருந்தால் தேர்ச்சி. பவுடர் பூசியிருந்தால் முதல் வகுப்பு. வியாதி உள்ளே நுழைந்து பல வருஷம் வரைக்கும் ஆள் தளதளவென்றே இருக்கலாம் என்று சகாயராணி எத்தனையோ கூட்டத்தில் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறார். அரசாங்கமும் பாவம், ஊசி, குழாய், சோதனைச்சாலை என்று அலைகிறது. சம்மந்தத்தை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் கொம்யூன் பஞ்சாயத்து முழுவதையும் ஒரே காலையில் முடித்துவிட மாட்டாரா?

அப்புறம் அந்தப் பொருளைப் பற்றி ஊரில் இருக்கும் தத்துவம். “அது புள்ள வாணாம்னு இருக்கறவனுக்கு.” அவ்வளவுதான். வேறு உபயோகம் அதற்கு இருப்பதாக எங்கள் பக்கத்து ஆண்கள் ஒப்புக்கொள்வதில்லை. பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. சம்மந்தத்தின் வீட்டிலோ பன்னிரண்டு வருஷம் கழித்து இரண்டாவது பிள்ளை. மனைவி பாக்யலட்சுமிக்கு ஐந்தாம் மாதம். இந்த நேரத்தில் உறையை நீட்டினால் கோபம் வராதா?

உண்மையில் அன்று நர்ஸ் காதோடு சொன்னதே அந்தப் பிள்ளைக்காகத்தான். “அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லங்க. நீங்களும் ஒரு தடவ குடுத்துடுங்க. இனிமேப்பட்டு ஒங்ககிட்டேருந்து அவங்களுக்கு வந்துச்சின்னா வயித்துல இருக்கற புள்ளைக்கும் போவும். மருந்து இருக்குது. ஆனா வியாதி இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான குடுக்க முடியும்?”

இதற்குத்தான் அந்தச் சூளுரை. பெஞ்சிலிருந்த மெஷின் உதவி டிரைவர் சுகுமார் முதலாளியின் மானத்தைக் காக்க எழுந்தார்.

“சிஸ்டர், எங்க அண்ணன் போற எடமெல்லாம் தெரிஞ்ச எடம்!”

“அந்த எடத்துக்கு ஒங்க அண்ணனத் தெரியுமா?” என்றார் சகாயராணி.

பெஞ்சு சிரித்தது. நர்ஸ் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். சம்மந்தத்துக்கு அது புரிய ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று.

சிரித்த பெஞ்சுக்கு வீடு உண்டு, வீட்டில் வாய் உண்டு. மத்தியானத்துக்குள் சேதி பாக்யலட்சுமிக்குப் போய்விட்டது. அவள் அழவில்லை. துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

“இன்னாடி இது?”

“எனக்கு ரெண்டு தடவ ரத்தம் எடுத்தாங்க. ஒனக்கு மட்டும் ஒடம்புல இன்னாய்யா, பன்னீரா ஓடுது?”

“ஏய், நான் போற எடமெல்லாம்…” என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம்.

“சொல்லு. எந்த எடம்?”

எங்கே சொல்வது? பொண்டாட்டிக்குத் தெரியாத இடமெல்லாம்தானே தெரிந்த இடம்!

“ரத்தம் குடுத்துட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் நான் தங்கச்சி வூட்ல இருக்கறன். இந்தப் புள்ளைக்கு எதனா ஆச்சி, பொணமாத்தான் திரும்பி வருவன்” என்று சொல்லிவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு அபிஷேகப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினாள்.

நான்கு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் காலை, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளூரில் இரண்டு நிமிஷ நடையில் இருக்கிறதே என்பீர்கள். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும். வாழ்க்கையில் முதன்முறையாக நம்மவர் தெரியாத இடம் ஒன்றைத் தேடினார்! ஹெல்மெட்டைக் கழற்றாமலே வராண்டா வரை நடந்தார். பெயர் கேட்டதற்கு “ராஜ்மோகன்” என்றார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் துண்டால் முகத்தை மூடியிருந்தவர் மெல்லத் திரும்பினார்.

சுகுமார்.

“நீ எங்கடா இங்க?”

“அத்தைக்கு சுகர் டெஸ்ட்டுண்ணே. நீ?”

“நானும் அத்தைக்குத்தான்டா.”

இரண்டு பேருக்கும் அத்தை கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

உள்ளே இருந்த ஆலோசகர் இளைஞர். ரத்தம் எடுத்து வந்த முடிவைப் பார்த்துவிட்டு, “இப்ப ஒண்ணும் காட்டல” என்றார். சம்மந்தம் எழுந்தே விட்டார். “ஒக்காருங்க. கடைசியா எப்ப போனீங்க?”

“போன மாசம்.”

“அப்ப இத நம்பிடாதீங்க. புதுசா வந்திருந்தா கொஞ்ச நாளைக்கு ரத்தத்துல தெரியாது. மூணு மாசம் ஆனதும் இன்னொரு தடவ வாங்க. அதுவரைக்கும் வெளிய எங்கியும் போவக் கூடாது. வூட்ல இத போட்டுக்குங்க” என்று பொட்டலத்தை மேஜை மேல் நகர்த்தினார்.

“வூட்ல மாசமா இருக்குது சார்…”

“அதனாலதான் சொல்றன்.”

மனிதரின் இக்கட்டைப் பாருங்கள். அந்தப் பொருளுக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான் என்று இருபது வருஷம் பிரசாரம் செய்தவர் இவர். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மனைவி முன்னால் அதை வைத்தால், பிள்ளை வேண்டாம் என்று அர்த்தம் சொல்ல முடியுமா? மிச்சம் இருக்கும் அர்த்தம் ஒன்றே ஒன்று. அது அவர் வாயால் ஒருபோதும் சொல்லாத அர்த்தம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டம்மாவுக்கு ரத்தம் எடுத்த அன்று, ‘வீட்டுக்காரரையும் ஒரு தடவை வரச் சொல்லுங்கள்’ என்று நர்ஸ் சொன்னாரே, போனீர்களா? ‘எனக்கு எதற்கு’ என்றுவிட்டு மிடுக்காகச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்களா? கிளம்பும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்த்து உங்களுக்கு நீங்களே தேர்ச்சி போட்டுக்கொண்டீர்களா? அப்படியானால் பந்தியில் அந்தப் பக்கத்து இலையில் ரசம் கேட்டவர் யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். உங்களைப் பற்றியும் அடுத்த இலைக்காரர் அப்படித்தான் யோசிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்மந்தம் அபிஷேகப்பாக்கம் போனார். கொழுந்தியாள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் பாக்யலட்சுமி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“குடுத்தியா?”

தலையசைத்தார். சட்டைப் பைக்குள் கை விட்டார். முறத்துக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்தார். கடைத்தெருவே பார்க்க நீட்டிய அதே வலது கை.

அவள் அதைப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். அவர் கிணற்றைப் பார்த்தார்.

“எத்தினி நாளைக்கு?”

“மூணு மாசம்.”

“அப்ப எனக்கு எட்டாம் மாசம்.”

மறுபடியும் கீரையை உருவினாள். காம்பு தனியாக, இலை தனியாக. தெருப்பக்கம் மகளின் குரல் கேட்டது.

“பொண்ணு வர்றா. அத எடுத்துக்கினு போய் உள்ள என் துணிப் பையில வையி” என்றாள்.

சம்மந்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.