யாருமே பாஸாகாத வகுப்பு

தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, குடோனிலேயே பாதி ஆயுளைக் கழித்த மீசைக்காரர் 'வேடிக்கை பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். பயிற்சி அதிகாரி விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பாதுகாப்புப் பயிற்சியில் தேறாதவர்கள், வேலைக்குப் போகாமல் மறுநாளும் வகுப்பிலேயே வந்து உட்கார வேண்டும் என்பது குடோன் விதி. முதல் நாளே ஏழெட்டுப் பேர் தேறவில்லை. மேனேஜர் அதிகாரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆர்வம் இல்லாம படிப்பு ஏறாது. அதை உண்டாக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் பாஸாகணும். இல்லேன்னா பழையபடி லாரி ஷெட்டுக்கே போயிடுங்க."

லாரி ஷெட் என்றால் வெயில், டீசல் புகை, டிரைவர்களிடம் ஓயாத வசவு. அதிலிருந்து தப்பி வர அதிகாரி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அன்று வீட்டில் சாப்பாடே இறங்கவில்லை.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். "மரப்பெஞ்சுல வேர்க்க வேர்க்க உட்கார வச்சா எவன் கவனிப்பான்? ஏசி ரூமுக்கு மாத்துங்க" என்றாள்.

மாற்றினார். அன்று பாதிப் பேர் தேறவில்லை.

மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது. வயிறு காய்ந்தால் மூளை வேலை செய்யாது என்று சொல்லி, கேக் செய்து கொடுத்தனுப்பினாள். அதிகாரியும் தன் பங்குக்குக் கதை சொன்னார், விளையாட்டு வைத்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர்கூடக் கண் அசரவில்லை. ஆனால் பரீட்சையில், கனமான பெட்டியை எப்படித் தூக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பலர் 'பல்லால்' என்று எழுதியிருந்தார்கள்.

கடைசி முயற்சியாக அவர் வீட்டு சோபாவையே பயிற்சி அறைக்குக் கொண்டுவந்து போட்டார். மனைவி தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். அன்று மொத்த வகுப்பும் முட்டை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். "அப்படி என்னதான் நடத்துறீங்க? நானே உட்கார்ந்து பார்க்கிறேன்."

சோபாவில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். கேக்கை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். விளையாட்டில் மீசைக்காரரோடு சண்டையே போட்டார். கடைசியில் எல்லோரோடும் பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அதிகாரி முதலில் அந்தத் தாளைப் பிரித்தார். அவசர வழி எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு மேனேஜரின் விடை: 'தெரியாது'.

இத்தனைக்கும் கேள்வித்தாளைத் தயாரித்ததே மேனேஜர்தான். அவருக்கே விடை மறந்துபோகிற அளவுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோமே என்று அதிகாரி தன்னையே நொந்துகொண்டார். இனி லாரி ஷெட்தான். சோபாவையாவது மனைவியிடம் ஒப்படைக்கலாம் என்று அதன் ஒரு முனையைத் தூக்கினார்.

கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த டீக்கார அக்கா பதறிப்போய் ஓடிவந்தாள்.

"சோபாவைத் தூக்காதீங்க சார். தான் பெயில்தானாம், திங்கட்கிழமையும் அதுலயே இடம் போட்டு வைக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டுப் போயிருக்காரு."