பதினொன்றுக்கு அடங்காத நம்பர்

தொண்ணூறுகளில் மலேசியாவின் ஜாசின் டவுனுக்குள் நுழைந்த எந்த எண்ணும் மீதி அண்ணனிடம் வகுபட்டுப் பார்க்காமல் வெளியேறியது கிடையாது.

பஸ் ஸ்டேஷன் பக்கத்துப் படக்கடையில் நான் பாஸ்போர்ட் படம் எடுப்பேன். அவர் நகல் எடுப்பார், லேமினேட் செய்வார். நம் ஆட்கள்தான் அரசாங்கத் தாள் எது கிடைத்தாலும் அன்றைக்கே லேமினேட் செய்துவிடுவார்களே. மிஷின் சூடாவதற்குள் அண்ணன் அந்தத் தாளின் நம்பரை மனத்துக்குள்ளேயே பதினொன்றால் வகுத்து, "மீதி மூணு" என்று அறிவிப்பார். அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது.

நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்கள் அவரைச் சாமியார் ரேஞ்சுக்கு மொய்த்தார்கள். ஒரு லாரி டிரைவருக்கு 7919 சொன்னார். அடிக்கவில்லை. சண்டைக்கு வந்தவரிடம், "அது பகா எண்லா. ஒன்னையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. அவ்ளோ நல்ல நம்பர் குடுத்திருக்கேன், பரிசு வேற கேக்குறீங்களா?" என்றார்.

ஒருநாள் அஞ்சலை அக்கா படம் எடுக்க வந்தார். எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பவர். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி அடையாள அட்டையோடு ஐம்பது வயதைத் தாண்டியவர். குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது.

"ஐசி ஆபீஸ்ல இந்த நம்பர்ல ஃபைலே இல்லங்கிறாங்க தம்பி. பேரச் சொன்னா தேட மாட்டாங்களாம். மறுபடி மொதல்லேர்ந்து போடணுமாம். இன்னும் எட்டு வருசம் நான் இருப்பனா?"

மழையில் ஊறிய பழைய ரசீதைப் பார்த்து எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி ஓர் அட்டையில் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார். 5468272.

மீதி அண்ணன் பார்த்தார். "பதினொன்னுக்கு மீதி ஏழு வருது. தப்பு."

"என்னண்ணே தப்பு?" என்றேன்.

"அந்த ஆபீஸ் ரசீது நூத்துக்கணக்குல லேமினேட் பண்ணியிருக்கேன். எல்லாமே பதினொன்னுக்கு மீதியில்லாமப் போகும். கிராணி எழுதுறப்ப பக்கத்துல உள்ள ரெண்டு இலக்கத்த இடம் மாத்தியிருப்பாரு. பாத்து எழுதுறவங்க வழக்கமா பண்ற தப்பு."

ஏழு இலக்கத்தில் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் ஆறு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஒரே ஒரு ஜோடிதான் ஒத்துவந்தது. 5486272. ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிக் காட்டினார். ஐந்து, எட்டு, இரண்டு, இரண்டு, பதினேழு. நான்கு, ஆறு, ஏழு, அதுவும் பதினேழு. "ரெண்டு பக்கமும் சமம். இனி மீதியே இருக்காதுக்கா, வாங்க" என்று மிஷினை அணைத்துவிட்டு அக்காவோடு பஸ் ஏறினார்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். ஃபைல் இருந்ததாம். எட்டு வருடமாக அலமாரியில் சும்மா கிடந்ததாம். புதுப் படம் ஒன்று கொடுத்தால் போதும் என்றார்களாம்.

"கவுண்டர்ல என் பேர வாசிச்சாங்க தம்பி. இன்னொருவாட்டி வாசிக்கச் சொன்னேன்."

ஐசி படத்துக்குச் சிரிக்கக் கூடாது. அக்காவால் முடியவில்லை. மூன்று படம் வீணானது. சிரிக்காமல் இருப்பது எப்படி என்று காட்டச் சொல்லி மீதி அண்ணன் பக்கம் திரும்பினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாவது படத்தை எடுக்க எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.